பக்கத்து வீட்டுக் கூரை

பெரிய முதலியார்சாவடியில் தன்னார்வத் தீயணைப்புப் படை என்று ஒன்று கிடையாது. போர்டு இல்லை, சிவப்பு வண்டி இல்லை, மணி இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. ஆனாலும் வருஷம் பூராவும் அந்தப் படை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதெப்படி என்று கேட்டால் முதலில் கொஞ்சம் ஊர் நிலவரம் சொல்ல வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம். அங்கே தமிழ்நாடு ஆரம்பம். அடுத்து சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. அதையும் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு, மரக்காணம், உப்பளங்கள். ஒரே சாலையில் மாறி மாறி இரண்டு அரசாங்கம், இரண்டு தீயணைப்புத் துறை! (பஸ்ஸில் தூங்கி எழுந்தவர் எந்த அரசாங்கத்தில் இருக்கிறார் என்பதை சாராயக் கடை போர்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.)

ஊருக்குக் கிழக்கே கடல். மேற்கே செம்மண் மேடு. அந்த மேட்டில் 1968-ல் தொடங்கிய ஆரோவில், அவர்கள் வளர்த்த காடு, முந்திரித் தோப்புகள். நடுவில் மீனவர் வீடுகள், கெஸ்ட் ஹவுஸ்கள், சாலையோரக் கடைகள். கீற்றுக் கூரையும் இருக்கிறது, கான்கிரீட்டும் இருக்கிறது.

தீப்பிடித்தால் 101 அடிக்கலாம். வண்டி வரும். வருகிறவர்கள் பயிற்சி பெற்றவர்கள், உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். பிரச்சினை எல்லாம் நேரம்தான். காய்ந்த கீற்றுக் கூரை பற்றினால், அதுவும் கடற்காற்று அடிக்கும்போது பற்றினால், சில நிமிஷத்தில் உத்திரம் வரை இறங்கிவிடும். எந்த ஊர் வண்டியானாலும் நிலையத்திலிருந்து கிளம்பி, சாலை நெரிசலைத் தாண்டி, சந்துக்குள் நுழைவதற்குள் அந்த நிமிஷங்கள் முடிந்துபோகும். அந்த முதல் கால் மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொந்தம். ‘படை’ என்று மேலே சொன்னது அவர்களைத்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாக வரும் ஒரு தண்ணீர் வண்டியில் சுமார் 4,500 லிட்டர் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால் அது 300 குடம். முப்பது பேர் ஆளுக்குப் பத்துக் குடம் சுமந்தால் ஒரு வண்டித் தண்ணீர் வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஒரு மீனவர் தெருவில் முப்பது பேர் எங்கே இருக்கிறார்கள்? விடியுமுன் கடலுக்குப் போன ஆண்கள் கரையில் வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தெருவில் இருப்பது கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான். ஆகவே படையின் முதல் தளபதி பெரும்பாலும் ஒரு பாட்டி. அவர் ஆயுதம் குடம்கூட இல்லை, குரல்.

அந்தக் குரல் கேட்டு ஓடி வருகிறவர்கள் செய்கிற வேலையில்தான் விஷயமே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் நினைப்பது போல் எல்லோரும் எரிகிற வீட்டின்மேல் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். ஆள், கைக்குழந்தை, ஆடு வெளியே. முடிந்தால் கேஸ் சிலிண்டர் வெளியே. கரண்டை நிறுத்த ஒருவர். அதற்கப்புறம் பாதிப் பேர் எரிகிற வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். காற்று போகிற திசையில் இருக்கிற வீடு. அதன் கூரைமேல் ஏறி, அரிவாளால் கட்டை அறுத்து, கீற்றைப் பிரித்துக் கீழே தள்ளுவார்கள். நனைத்த சாக்கைப் போர்த்துவார்கள், மணலை அள்ளி வீசுவார்கள். பற்றிய கூரை போனது போனதுதான். அடுத்ததைக் காப்பாற்றினால் தெருவே பிழைக்கும்.

இப்போது அந்த அடுத்த வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் வீடு எரியவே இல்லை. தீப்பொறிகூட விழவில்லை. ஆனால் ஊரே சேர்ந்து அவர் கூரையைப் பிய்த்துப் போடுகிறது. அவரும் கூட நின்று பிய்க்கிறார்!

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். கடல்சார் காப்பீட்டுப் பாடத்தில் ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்று வருமே, அது. கப்பல் மூழ்கப் போகிறது, பாரத்தைக் குறைக்க ஒரு வியாபாரியின் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். கப்பல் பிழைத்துவிட்டால், பிழைத்த சரக்குக்காரர்களும் கப்பல் முதலாளியும் சேர்ந்து அந்த ஒருவரின் நஷ்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ரோட்ஸ் தீவுக்காரர்கள் காலத்திலிருந்து வருகிற பழைய நியாயம் இது. பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வியாகப் படிப்பதைக் குப்பத்தில் யாரும் படிக்காமலே செய்கிறார்கள்.

பங்குபோடுவதுதான் நிச்சயம் இல்லாத விஷயம். இந்தக் கரையில் மீனவ ஊர்களுக்குத் தனிப் பஞ்சாயத்து உண்டு. வீட்டுக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று ஊர் வரி வசூலிப்பார்கள். கோயில் திருவிழாவும் அதில்தான், ஊர்ப் பொதுச் செலவும் அதில்தான். ஊர் மனசு வைத்தால் கீற்றும் மூங்கிலும் வந்து சேரும். அரசாங்கத்தின் தீ விபத்து நிவாரணம் என்பது எரிந்த வீட்டுக்கு. எரியாமல் பிரித்த கூரைக்கு எந்தக் கலத்தில் எழுதுவது? இன்ஷூரன்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கீற்றுக் கூரை ‘கச்சா கட்டுமானம்’. பிரீமியம் அதிகம். அதைக் கட்டக்கூடியவர் கீற்றில் குடியிருக்க மாட்டார்.

சரி, வருஷக் கணக்குக்கு வருவோம்.

மார்கழிக் கடைசி நாள் போகியோடு தொடங்குகிறது. பழைய பாயையும் டயரையும் தெருவில் கொளுத்துவது. மார்கழிப் பனியின் ஈரம் இன்னும் இருப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மாசி மகத்துக்குச் சாமிகள் கடலுக்கு வந்து போன பிறகுதான் ஈரம் வற்றுகிறது. முந்திரித் தோப்பில் சருகு சேர்கிறது. யாரோ வேலியோரம் குப்பையைக் கொளுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் போதும்.

பங்குனி, சித்திரை, வைகாசி. படைக்கு இதுதான் சீசன். மேட்டுக்காட்டில் புல் பற்றினால் வேப்பங்கிளை, முந்திரிக்கிளை என்று கைக்குக் கிடைத்த பச்சைக் கிளையை ஒடித்து அடிப்பார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் அதுதான் வழி. தீயின் ஓரத்தில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, உள்நோக்கி அடிக்க வேண்டும். வெளிநோக்கி அடித்தால் பொறி பறந்து இன்னொரு இடத்தில் பற்றும். காற்றின் கணக்கு தெரிந்தவர்கள் இங்கே நிறைய. காலையில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும், அப்போது தோப்புத் தீ வீடுகளை நோக்கி வரும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பினால் அதே தீ வந்த வழியே திரும்பும். படகு ஓட்டுகிறவருக்குப் பிழைப்புக்காகத் தெரிந்த விஷயம் தோப்பில் உதவுகிறது.

இந்த சீசனின் நடுவில்தான் தீயணைப்புத் துறையின் நீத்தார் நினைவு நாள் வருகிறது, ஏப்ரல் 14. 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கைன்’ என்ற கப்பல் வெடித்தது. பருத்திப் பொதியையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். பருத்தியில் பிடித்த தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அதற்காக வருஷா வருஷம் ஒரு வாரம் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செயல்விளக்கம் நடக்கும். மறுநாள் ஏப்ரல் 15, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம், 61 நாள். தீ சீசனில் இளவட்டங்கள் கரையில் இருப்பார்கள் என்று சந்தோஷப்படலாம் என்றால், இந்தப் பக்கம் அதிகம் ஃபைபர் படகுகள். தடை அவற்றுக்கு இல்லை. ஆகவே ஒன்பது மணிக் கணக்கு மாறாது, பாட்டிதான்.

ஆடி. 2004 ஜூலை 16, ஆடி வெள்ளி. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்கப்புறம் தமிழ்நாட்டில் பள்ளிக் கூரைகளிலிருந்து கீற்று இறங்கியது. 94 குழந்தைகள் சாகாமல் அது இறங்கியிருக்கக் கூடாதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஐப்பசியில் தீபாவளி. வெடி வெடிக்க காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று 2018 முதல் விதி. ராக்கெட்டுக்கு அந்த விதி தெரியாது. கீற்று வீட்டுக்காரர்கள் அன்று சாயந்திரம் கூரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை பார்ப்பதற்கு இல்லை.

கார்த்திகை, மார்கழியில் படைக்கு வேலை மாறுகிறது. தீ போய் தண்ணீர். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ‘ஃபெஞ்சல்’, புதுச்சேரியில் மட்டும் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை. அப்போதெல்லாம் மரம் அறுப்பது, படகை மேலே இழுப்பது, இடுப்பளவு தண்ணீரில் வயசானவர்களைத் தூக்கி வருவது. அதே ஆட்கள், அதே கயிறு.

2018 வெள்ளத்தில் கேரளத்து மீனவர்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் பல்லாயிரம் பேரை மீட்டது எல்லோருக்கும் தெரியும். மாநில அரசு ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அறிவித்தது. உடைந்த படகுகளைச் சரிசெய்து தருவதாகவும் சொன்னது. சிலர் 3,000 ரூபாய் வேண்டாம் என்றார்கள், உயிருக்குக் கூலி வாங்கவில்லை என்று. படகைச் சரிசெய்து கொடுத்தால் போதும் என்றார்கள். கௌரவம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். இரண்டும் சரி. உழைப்புக்குக் காசு வேண்டாம், சரக்குக்கு நஷ்டஈடு வேண்டும். மறுபடியும் அதே ஜெனரல் ஆவரேஜ்தான்!

இப்படி வருஷம் சுற்றுகிறது. ஆனால் இந்தப் படை ஏன் இருக்கிறது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதிதான் உண்மை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் தீயணைப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள்தான். சிலி நாட்டில் தலைநகரம் உட்பட எல்லா இடத்திலும் தன்னார்வலர்கள், அதுவும் கைக்காசில் சந்தா கட்டி! அமெரிக்காவில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முக்கியமானவர். 1736-ல் பிலடெல்பியாவில் ‘யூனியன் ஃபயர் கம்பெனி’. ஒவ்வொரு உறுப்பினரும் தோல் வாளியும் சாமான் அள்ளப் பையும் வைத்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம், அபராதக் காசில் ஏணி. பதினாறு வருஷம் கழித்து, 1752-ல், அவரும் சேர்ந்தே ஒரு தீ காப்பீட்டுச் சங்கமும் ஆரம்பித்தார்கள். வாளியும் பாலிசியும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி.

அதே அமெரிக்காவில் 2010-ல் நடந்தது. டென்னசி மாநிலத்தில் ஓபியன் கவுண்டி என்ற கிராமப் பகுதி. பக்கத்து ஊரான சவுத் ஃபுல்டனின் தீயணைப்பு வண்டி வேண்டுமென்றால் வருஷத்துக்கு 75 டாலர் சந்தா. ஒருவர் கட்டவில்லை. வீடு பற்றியது. போன் செய்தார், எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். வரவில்லை. சந்தா கட்டிய பக்கத்து நிலத்துக்காரருக்குத் தீ பரவியதும் வண்டி வந்தது. அவர் நிலத்தைக் காப்பாற்றியது. எரிகிற வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டோடு வளர்ப்பு நாய்களும் போயின.

அந்த ஊர்க்காரர்கள் ராட்சசர்கள் இல்லை. பாடப்புத்தகப்படி அவர்கள் செய்தது சரிகூட. பற்றிய பிறகு பணம் கட்டலாம் என்றால் பற்றுவதற்கு முன்னால் எவன் கட்டுவான்? தீப்பிடித்த வீட்டுக்குப் பாலிசி எழுதுவது இன்ஷூரன்ஸ் இல்லை. எல்லாம் சரி, ஆனால் படிக்கும்போது வயிறு கலங்குகிறது.

குப்பத்தில் இது நடக்காது. காரணம் அவர்கள் டென்னசிக்காரர்களைவிட நல்லவர்கள் என்பதல்ல. அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வயல் இருக்கிறது. நின்று வேடிக்கை பார்க்க இடம் இருக்கிறது. இங்கே ஒரு கூரையின் இறவாணம் அடுத்த கூரையைத் தொடுகிறது. உன் தீ என் தீ. சந்தா கட்டாதவன் என்று யாரையும் ஒதுக்க முடியாது, ஒதுக்கினால் ஒதுக்கியவனும் எரிவான். அந்தக் கீற்றுதான் படையின் உறுப்பினர் அட்டை.

கீற்று இப்போது குறைந்துகொண்டு வருகிறது. நல்ல விஷயம், ஆயிரம் முறை நல்ல விஷயம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நிரந்தர வீடுகள் எழுந்தன. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், ஆறு வருஷத்தில் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் ஆக்குவதாகச் சொன்னது. 2024-ல் கலைஞர் கனவு இல்லம், 2030-க்குள் 8 லட்சம் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். ஒரு தெருவே எரிந்தது என்ற செய்தியைக் குறைப்பதில் எந்தத் தீயணைப்பு வண்டியும் கான்கிரீட் கூரைக்குப் போட்டி இல்லை.

ஆனால் கான்கிரீட் வந்ததும் தெரு டென்னசி ஆகிறது. பக்கத்து வீட்டு அடுப்படியில் பற்றினால் அது அந்த அடுப்படியோடு நிற்கும். ஓடி வருவதற்கான பயம் போய்விட்டது. மிஞ்சுவது பழக்கம் மட்டும். பழக்கம் எத்தனை தலைமுறை தாங்கும்? கூரை பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு வயசாகிவிட்டது. புதுத் தீ வேறு மாதிரி. கேஸ் கசிவு, பூட்டிய ஏ.சி. அறைக்குள் புகை, ராத்திரி சார்ஜில் போட்ட ஸ்கூட்டர் பேட்டரி. குடமும் சாக்கும் அதற்குப் பத்தாது. கரண்டு ஓடுகிற இடத்தில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றியவர் கதி என்ன?

இந்த இடத்தில்தான் அரசாங்கம் பயிற்சி கொடுத்துப் படை சேர்க்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் 30 மாவட்டங்களில் ‘ஆப்தா மித்ரா’ என்று ஆரம்பித்தது. பிறகு 350 மாவட்டம், ஒரு லட்சம் பேர் என்று விரிந்தது. முதலுதவி, கயிறு, தீ, வெள்ளம் எல்லாவற்றுக்கும் பயிற்சி. கையில் ஒரு கிட், பேருக்கு ஒரு காப்பீடு. மேலே சொன்ன படகுக் கணக்கு இதில் பாதியாவது சரிசெய்யப்பட்டிருக்கிறது. தன்னார்வலருக்கு அடிபட்டால் யார் பார்ப்பது என்று அரசாங்கமே யோசித்தது பெரிய விஷயம். ஆனால் கீற்றுத் தெருவில் எல்லோரும் உறுப்பினர். பயிற்சிப் பட்டியலில் இருப்பது மாவட்டத்துக்குச் சில நூறு பேர். காலை ஒன்பது மணிக்கு அவர்களும் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்தப் பாட்டிக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை? சிலிண்டர் வால்வை மூடுவது, மெயின் சுவிட்சை அணைப்பது, யாருக்கு போன் செய்வது. மூன்றே விஷயம்.

ஊரில் இப்போது இன்னொரு வேடிக்கை. மீனவர் வீடு கான்கிரீட் ஆக ஆக, கீற்று சாலைக்கு அந்தப் பக்கமும் கடலோரத்திலும் கெஸ்ட் ஹவுஸ்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. மாடியில் கீற்றுக் கொட்டகை, அதற்குள் கஃபே, மஞ்சள் விளக்கு. வெள்ளைக்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் அது ரொம்பப் பிடிக்கிறது. சனி ஞாயிறு அறை கிடைப்பது கஷ்டம். சுற்றிலும் ஆளுயரச் சுவர், கேட்டில் வாட்ச்மேன். உள்ளே இருக்கிறவருக்கு வெளியே இருக்கிறவர் பெயர் தெரியாது. அந்தக் கூரை பற்றினால் கேட்டைத் திறக்க வேண்டியவர் வாட்ச்மேன். அவரும் பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் கிளம்பிவிடுவார்.